சங்கு எடுத்த இடம்

கடலுக்குப் புறப்படுகிறவரிடம் "எங்க போறியள்?" என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்குத் தொழில் சரிவராது என்பது மன்னார்க் கரையிலுள்ள எங்கள் ஊர் அரிப்பில் எல்லா வீடுகளிலும் உள்ள நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், கேட்டாலும் உண்மை வரப்போவதில்லை. சங்கு குளிக்கிற ஒருவர் தனக்கு வாய்த்த இடத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்லமாட்டார். இன்று ஒருவருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பத்துப் படகுகள் அங்கே நிற்கும், அடுத்த வாரம் அங்கே சங்கு இருக்காது. அதனால் இடத்தைப் பற்றிச் சொல்கிற பொய்யை எங்கள் கரையில் யாரும் பொய்யாகவே எடுப்பதில்லை. அது தொழிலின் ஒரு பகுதி.

என் அண்ணா இதில் வலு கெட்டிக்காரர். ஊர் பார்க்கத் தெற்கே சிலாவத்துறைப் பக்கம் படகை விடுவார். கண் மறைந்த பிறகு எந்தப் பக்கம் திருப்பினார் என்பது அவருக்கும், படகோட்டுகிற மச்சாளின் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணாவின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். மச்சாளின் தம்பிக்கு வாயே கிடையாது. படகு கரைக்கு வந்ததும் யாராவது, "இண்டைக்கு எவடத்தில எடுத்தனீங்கள்?" என்று கேட்டால் அண்ணா முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "கிடந்த இடத்திலதான் எடுத்தனாங்கள்" என்பார். கேட்டவரும் சிரித்துவிட்டுப் போவார். அவரும் நாளைக்கு அதே பதிலைத்தான் சொல்லப்போகிறவர்.

அந்த வீட்டில் பிறந்த நான், விஞ்ஞானம் படிக்கிறேன் என்ற திமிரில், கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு நான் எடுத்த ஆராய்ச்சி சங்கைப் பற்றியது. எங்கள் கடலின் சங்கும் அக்கரையில் இந்தியக் கடலின் சங்கும் ஒரே கூட்டம்தானா, அல்லது எங்கேயோ பிரிந்து வேறாகிவிட்டனவா என்று அவற்றின் மரபணுவை வைத்துப் பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் பரம்பரையலகு என்று படித்ததற்குத்தான் இந்தப் பெயர். சங்கின் சதையில் நகக்கண் அளவு வெட்டி ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால், ஆய்வுகூடத்தில் அதிலிருந்து மரபணுவின் ஒரு துண்டை எழுத்து எழுத்தாக வாசித்து எடுக்கலாம். எழுத்துகள் நான்கே நான்கு. ஏ, டீ, ஜீ, சீ. அந்த நான்கும் மாறி மாறிச் சில நூறு இடங்களுக்கு ஓடும். பார்க்கிறவருக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. எனக்கும் விளங்காது. அந்த வரிசையை இன்னொரு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசத் தொடங்கும்.

அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தரவுத்தளங்கள் இருக்கின்றன. உலகத்தில் எந்த மூலையில் யார் எந்த உயிரின் மரபணுவை வாசித்தாலும், அதைக் கொண்டுபோய்ப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கிறார்கள். கிருமி, நெல், திமிங்கிலம், மனிதர், எல்லாம் அங்கே எழுத்துகளாகக் கிடக்கின்றன. உங்களிடம் பெயர் தெரியாத ஒரு வரிசை இருந்தால் அதைத் தேடுகிற பெட்டியில் ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். களஞ்சியம் முழுவதையும் துழாவி, உங்களுடையதற்கு மிகவும் கிட்டியது இது, அடுத்தது இது என்று அது கொண்டுவந்து தரும். காசு கேட்காது, நீங்கள் யாரென்றும் கேட்காது. முதன்முதலாக அதைச் செய்து பார்த்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அரிப்பில் பிறந்த ஒருத்தி ஒரு துண்டு எழுத்தை நீட்ட, உலகமே தன்னிடம் இருப்பதை எல்லாம் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்கிறதே என்று இருந்தது.

ஒரு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அண்ணாவிடம் சிறு சிறு போத்தல்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். இடத்துக்கு ஒரு சங்கு, அதில் ஒரு துண்டுச் சதை. அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்று எல்லோரையும் குழப்பியது. அதன் வரிசையைத் தேடிப் பார்த்தால் கிட்டியது என்று வந்தவை எல்லாம் கொஞ்சம் தள்ளியே நின்றன. பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதே எழுத்துகள் அப்படியே வந்தன. என் பேராசிரியர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையின் முன் நெடுநேரம் இருந்தார். பிறகு, இது எந்த இடத்தில் எடுத்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

அடுத்த முறை வீட்டுக்குப் போனதும் அண்ணாவைப் பிடித்தேன். குசினியில் மச்சாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார், அண்ணா வாசலில் குந்தியிருந்தார்.

"அண்ணா, அந்தச் சங்கு எடுத்த இடத்தின்ர இலக்கம் வேணும். உங்கட ஜி.பி.எஸ்ஸில இருக்கும் தானே?"

"உனக்கேனடி அது? நீயும் குளிக்கப் போறியோ?"

"பகிடி விடாதேங்கோ. அது மற்றதுகளைப் போல இல்லை. கொம்பியூட்டரில பதியப் போறம். ஆர் எடுத்தது, எங்க எடுத்தது எல்லாம் போடவேணும். உங்கட பேர்தான் வரும்."

"என்ர பேரோ?" என்று நிமிர்ந்தார். "அதை ஆர் பாக்கிறது?"

"ஆரெண்டாலும் பாக்கலாம். உலகம் முழுக்கப் பாக்கும்."

அவருடைய முகத்தில் அப்போது என்னமோ ஓடியது. பெருமைதான் என்று நினைத்தேன். எழும்பிப்போய் ஜி.பி.எஸ்ஸை எடுத்துவந்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கைபேசியில் பதிந்தேன். "சரியாப் போடு, பிறகு என்னைப் பிழை சொல்லாதை" என்று வேறு சொன்னார். மச்சாள் அடுப்படியில் நின்று எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

பதிவு செய்கிற வேலை லேசானதல்ல. எழுத்துகளைத் தரவுத்தளத்தின் கணினி சோதிக்கும். ஓரிடத்தில் நான் தவறவிட்டிருந்த ஒற்றை எழுத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. உயிரின் பெயரைச் சோதிக்கும். எந்த மரபணுவின் துண்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பள்ளிக்கூட வாத்தியாரைப் போல உயிரை எடுக்கும். ஆனால் எடுத்த இடம் என்ற பகுதியில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டால், சொன்ன நாட்டுக்குள்தான் வருகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். போடுகிறவர் சொன்னால் சொன்னதுதான். கடலுக்குள் வந்து பார்க்க அதற்குக் கால் ஏது?

கடைசியில் பதிவெண் வந்தது. எழுத்தும் இலக்கமுமாகச் சின்னஞ்சிறிய ஒரு பெயர். அந்த வரிசைக்கு இனி அதுதான் பெயர், வேறு எதற்கும் அதைக் கொடுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட பெருங்களஞ்சியங்கள் மூன்று கண்டங்களில் இருக்கின்றன. ஒன்றில் வைப்பதை மற்ற இரண்டும் உடனுக்குடன் பிரதி எடுத்துக்கொள்ளும். ஓரிடம் எரிந்து போனாலும் மற்றவை இருக்கும் என்பதற்காக. பக்கத்தைத் திறந்து கைபேசியில் மச்சாளுக்குக் காட்டினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. மச்சாள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "இவரின்ர பேரோ இது? இனி ஆளைப் பிடிக்கேலாது" என்று சிரித்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடுத்த வருடம் அண்ணாவின் படகு திரும்பி வரவில்லை.

காலையில் கடல் நல்லாகத்தான் இருந்ததாம். மத்தியானத்துக்குப் பிறகு எதிர்பாராமல் மேற்கேயிருந்து கச்சான் காற்று தூக்கியது. போன படகுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அண்ணாவும் மச்சாளின் தம்பியும். அந்த இடத்தைத் தெரிந்த இருவரும் ஒரே படகில் போயிருந்தார்கள். செய்தி கேட்டு நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது ஊர்ச் சனம் முழுக்கக் கடற்கரையில் நின்றது. நேவிக்காரர் வந்திருந்தார்கள். எங்கே தேடுவது என்று கேட்டார்கள். ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெற்கே போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். தெற்கே போனதைக் கண்டால் அவர் அங்கே போகவில்லை என்று அர்த்தம் என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் நான் சொன்னேன், என்னிடம் இலக்கம் இருக்கிறது என்று. கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். கூட்டத்தில் பெரிய மூச்சு ஒன்று வந்தது. நேவிக்காரர் குறித்துக்கொண்டார்கள். ஊர்ப் படகுகள் அத்தனையும் அதே இலக்கத்தை வைத்துக்கொண்டு கிளம்பின. மச்சாளும் ஒரு படகில் ஏறினார். பெண்களை அப்படி ஏற்றுவதில்லை, ஆனால் அன்றைக்கு அவரைத் தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் கரையிலேயே கைபேசியோடு நின்றேன். இடம் தெரிந்துவிட்டதே, இனிக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. நேவிச் சுழியோடிகள் இறங்கிப் பார்த்துவிட்டு, அடியில் வெறும் கற்பாறை, வேறு ஒன்றுமே இல்லை என்றார்கள். அடுத்தடுத்த நாளும் அந்த இடத்தைச் சுற்றியே தேடினார்கள். நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார்கள். பிறகு படகுகள் ஒவ்வொன்றாகத் தொழிலுக்குத் திரும்பின. யாரையும் குறை சொல்ல முடியாது. மாதா கோவிலில் உடல்கள் இல்லாமல் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். சவப்பெட்டி வைக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்க்க முடியாமல் நான் பூசை முடிகிற வரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன்.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஆத்துமாக்கள் திருநாள் வரும். ஊரெல்லாம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தும். மச்சாளுக்குப் போக அங்கே கல்லறை இல்லை. புருசனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. முதல் வருடமே அவர் என்னிடம் அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தெரிந்த ஒருவரின் படகில் போய் அந்த இடத்தில் பூப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த வருடமும் போனார். எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது. அழுவதற்கு ஓரிடமாவது என்னால் கொடுக்க முடிந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு ஒரு நாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது. முன்பின் தெரியாத, வெளிநாட்டில் இருக்கிற ஓர் ஆராய்ச்சியாளர். அவரும் சங்குகளைத்தான் படிக்கிறார். தரவுத்தளத்தில் என் வரிசையைக் கண்டு ஆச்சரியப்பட்டு, இங்குள்ளவர்களுடன் சேர்ந்து நான் கொடுத்திருந்த இடத்துக்கே சுழியோடிகளை அனுப்பியிருக்கிறார். அங்கே சங்கு ஒன்றுகூட இல்லை, சங்கு இருக்கக்கூடிய இடமுமில்லை, அடி முழுக்கக் கற்பாறை, தயவுசெய்து இலக்கத்தைச் சரிபார்க்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

கற்பாறை. நேவிக்காரரும் அதைத்தானே சொன்னார்கள். சங்கு மணலில் புதைந்து வாழ்கிற உயிர். இதை ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நான்தான் எழுதியிருந்தேன். ஆனால் தேடுதல் நடந்த நாட்களில் எனக்கோ, என்னை நம்பிப் போன ஊராருக்கோ சங்கு ஞாபகம் வரவேயில்லை. அண்ணாவின் ஞாபகம்தான் இருந்தது. இப்போது மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது, திரையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் இலக்கம் சொன்ன விதம் கண்முன் வந்தது. உலகம் முழுக்கப் பார்க்கும் என்று நான் சொன்னேன் அல்லவா? உலகத்துக்கும் அவர் ஊருக்குச் சொன்னதையே சொல்லியிருக்கிறார்.

செத்தவரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். நான் பிடித்தேன். ஆய்வுகூடத்துக் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, "எனக்குமா அண்ணா? எனக்குமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். உங்கள் பொய்யை மூன்று கண்டத்திலும் கொண்டுபோய் வைத்தேனே. அதை நம்பித்தானே உங்களை இல்லாத இடத்தில் தேடினோம். ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் உயிரோடு இல்லாவிட்டாலும் உடலாகவாவது கிடைத்திருப்பீர்களே. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தபோதும் கோபம் போகவில்லை. இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் பல வாரங்களாகப் பதில் போடவில்லை. பதிவைத் திருத்துவது பெரிய வேலையல்ல. போட்டவர் நான், எழுதிக் கேட்டால் திருத்திவிடுவார்கள். பதிவெண் மாறாது, எழுத்துகள் மாறாது, இடம் மட்டும் மாறும். திருத்தாமல் விடுவது பாவம் என்றும் தெரியும். இன்னும் எத்தனை பேர் அந்தப் பொய்யை நம்பித் தங்கள் வேலையை அதன்மேல் கட்டுவார்கள்? ஆனால் திருத்தினால் மச்சாளிடம் சொல்லியே ஆகவேண்டும். அவரிடம் மறைத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் அந்தக் கற்பாறைக்கு மேலே பூப் போட விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அவரிடம் இருக்கிற ஒரே இடமும் போய்விடும். இதற்குள்தான் கிடந்து புழுங்கினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிப்புக்குப் போனேன். மச்சாள் இப்போது நண்டு உடைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அன்று லீவு. கிணற்றடியில் தோய்த்த உடுப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கத்தைப் பிடித்து உதறினேன்.

"மச்சாள், அண்ணா சொன்ன அந்த இலக்கம் பிழை."

"எந்த இலக்கம்?"

"கொம்பியூட்டரில போட்டது. தேடப் போனதும் அதை வச்சுத்தான். அங்க சங்கு இருக்காது, இருக்கவும் ஏலாது. அவர் அங்க எடுக்கேல்லை."

அவர் கையிலிருந்த சேலையைக் கொடியில் போட்டு, மடிப்பை இழுத்துச் சரிசெய்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"உங்களுக்கும் அவர் சரியாச் சொல்லேல்லையோ?"

"இல்லை மச்சாள்."

"எனக்கும்தான் சொல்லேல்லை. என்ர தம்பியும் சொல்லேல்லை" என்றார். அடுத்த உடுப்பை உதறிக்கொண்டே, "அப்ப அதை அழிக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

"இடத்தை மட்டும்தான் எடுக்கிறது. மன்னார்க் கடல் எண்டு மட்டும் இருக்கும். பழைய இலக்கமும் அழியாது. என்ன இருந்தது, எப்ப மாத்தினது எண்டு அதின்ர வரலாற்றுப் பக்கத்தில கிடக்கும். தேடுற ஆக்கள் பாக்கலாம்."

"அவரின்ர பேர்?"

"பேர் அப்படியே இருக்கும்."

"அப்ப செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிரவே எழுதி அனுப்பினேன். சில நாட்களில் பக்கம் மாறியது. இடம் என்பதற்கு நேரே நாட்டின் பெயரும் கடலின் பெயரும் மட்டும் இருந்தன. இலக்கம் இருந்த வரி இல்லை. அந்த ஆராய்ச்சியாளருக்கும் பதில் எழுதினேன். சேகரித்தவர் இறந்துவிட்டார், சரியான இடம் தெரியாது என்று இரண்டே வரி. அவர் வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தார். சரியான இடம் தெரியாது என்பதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு மச்சாள் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். சேமக்காலைச் சிலுவையடியில் இருவருமாக ஒரு திரி கொளுத்தலாம் என்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தால் அவர் வழக்கம்போலப் படகுக்குச் சொல்லி, பூவும் கட்டி வைத்திருந்தார். நானும் கூடப் போனேன். அதற்கு முன் நான் ஒருமுறையும் போனதில்லை. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது. படகுக்காரர் எவடத்துக்கு என்று கேட்டதும், மச்சாள் அந்தப் பழைய இலக்கத்தைப் பார்க்காமலே சொன்னார்.

இயந்திரத்தை நிறுத்தியதும் சத்தமே இல்லை. கீழே அண்ணாவும் இல்லை, அவருடைய சங்கும் இல்லை. மச்சாள் பூவைக் கையில் எடுத்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"மச்சாள், அவையள் இஞ்ச இல்லை. நான் சொன்னனான் தானே. ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"தெரியும்" என்றார். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தேடின அண்டைக்கு நானும் போட்டில வந்தனான். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒருக்காத்தான். கத்திக் கத்திக் கூப்பிட்டனான். அது இந்த இடத்திலதான்."